ராஜபார்ட் தாத்தாவும் மூன்று முறை திரும்பி வந்த வரைவும்

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் பள்ளி ஆசிரியை. ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய தாத்தா, அப்பாவைப் பெற்றவர், இசை நாடக மேடையில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடக்காரர். பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் ஊர் ஊராகத் திருவிழா மேடை ஏறி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடி ஆடிய தலைமுறை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடை விடுமுறையில் பேத்தி உட்கார்ந்து, ஆங்கில விக்கிப்பீடியாவில் தாத்தாவைப் பற்றி ஒரு வரைவு எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினார். நான்கு மாதத்தில் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை, நம்பகமான சான்றுகள் இல்லை என்று. இரண்டாம் முறை, அதோடு விளம்பரம் போலவும் இருக்கிறது என்று. மூன்றாம் முறை, வேறு இடத்தில் வெளியானதை நகலெடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லிப் பாதிக் கட்டுரையையே அழித்துவிட்டார்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் பொதுவகத்தில் ஏற்றியிருந்த தாத்தாவின் ஸ்டுடியோ படமும் போய்விட்டது. கோபம் தாங்காத கணவர் இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்கி, "அருமையான கட்டுரை, உடனே ஏற்கவும்" என்று எழுதிவைத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மின்னஞ்சல். "உங்கள் வரைவு மறுக்கப்பட்டதைப் பார்த்தோம். 30,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஏற்றித் தருகிறோம், உத்தரவாதம்." தம்பி 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதமாகிறது, பேச்சு மூச்சு இல்லை.

வாசகி கேட்பது மூன்று: விக்கிப்பீடியா மீது வழக்குப் போடலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? தமிழ் விக்கிப்பீடியாவில் போட்டால் இந்தத் தொல்லை இல்லாமல் ஏற்பார்களா? கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஆயிரம் மேடை பார்த்த மனுசனுக்கு ஒரே ஒரு பக்கம் கொடுக்க அவங்களுக்கு மனசு வரலையா சார்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. மற்ற குழப்பங்கள் பலவும் அதிலிருந்து கிளைத்தவைதான், ஆகவே அதை முதலில் எடுத்துவிடுகிறேன். உங்கள் வரைவைத் திருப்பியவர்கள் தாத்தாவின் தகுதியை எடைபோடவில்லை. அவர்கள் அவர் பாடிக் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பயனில்லை. அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த மனிதரோடு உறவோ வரவு செலவோ இல்லாத யாராவது, இவரைப் பற்றி நாலு வரிக்கு மேல் எங்காவது அச்சில் எழுதியிருக்கிறார்களா? தமிழ் விக்கிப்பீடியர்கள் இதற்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். "என் தாத்தா குறிப்பிடத் தக்கவர் இல்லையா?" என்று யாருக்கும் ரோசம் வரும். பிறர் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

இந்த விதி வாய்மொழிக் கலைகளுக்கு அநியாயம் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சினிமா துணை நடிகருக்குப் பத்துப் பத்திரிகைக் குறிப்பு கிடைத்துவிடும். விடிய விடிய ஊரைக் கட்டிப்போட்ட ராஜபார்ட்டுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது, ஏனென்றால் நிருபர்கள் இரவு பத்து மணிக்கு மேல் திருவிழாப் பொட்டலில் இருப்பதில்லை. குறை அச்சில் இருக்கிறது, அதைக் கலைக்களஞ்சியம் அப்படியே எதிரொலிக்கிறது. வரைவைத் திரும்பத் திரும்ப அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. அவர்கள் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. எந்தக் கட்டுரை இருக்கலாம், எது கூடாது என்பதை அது முடிவு செய்வதில்லை. வரைவு பார்ப்பவர்கள் உங்களையும் என்னையும் போலத் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, குவிந்து கிடக்கும் வரைவுகளில் கைக்கு வந்ததை எடுத்துப் பார்க்கிறார்கள். வரிசை முறைகூடக் கிடையாது. வக்கீல்களான நாங்களும் கட்டுக் கட்டாக மனு பார்ப்பவர்கள்தான், அந்தச் சலிப்பு எனக்குப் புரியும். நீங்கள் இரண்டாம் முறை 20 நிமிடத்தில், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் திரும்ப அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் குறை சுட்டித் திருப்பிய மனுவை, குறையைச் சரிசெய்யாமல் அதே கட்டோடு மறுநாள் வைத்தால் பதிவாளர் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் இவர்களும் சொன்னார்கள்.

முதலில் அந்தப் பத்தாயிரம்

இதற்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் முதலில் சொல்கிறேன். மீதி இருபதாயிரத்தை அனுப்பாதீர்கள். இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சல் தற்செயலாக வந்ததில்லை. விக்கிப்பீடியாவில் வரைவும் அதற்கு வந்த மறுப்பும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கும். மறுக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்து, மனம் நொந்திருப்பவரிடம் காசு கேட்பது பழைய தொழில். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்து 381 கணக்குகளை ஒன்றாக முடக்கியது. அவர்கள் ஏற்றியிருந்த 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவர்கள் கட்டுரையை ஏற்றித் தந்ததோடு நிற்கவில்லை. "மாதாமாதம் பணம் கொடுத்தால்தான் கட்டுரை நீக்கப்படாமல் பார்த்துக்கொள்வோம்" என்று அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவர் யாரிடம் வாங்கினார் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. உத்தரவாதம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அவரை நம்ப முடியாது. அங்கே யாராலும் யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது, நிர்வாகிகளாலும்கூட.

தம்பியை உட்காரவைத்து, மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பணம் வாங்கிய ஆளைத் திட்டி அனுப்பிய செய்திகளைக்கூட. அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு மாதம் கடந்துவிட்டதால் பணத்தை அப்படியே நிறுத்திப் பிடிப்பது கடினம், ஆனாலும் புகார் பதிவாவது முக்கியம். ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும்; நம் ஊரில் எல்லோரும் 420 என்று சொல்கிறோமே, அதன் இன்றைய வடிவம். ஆள் நிஜமானவராக, முகவரியும் ரசீதும் கொடுத்த நிறுவனமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் முகவரியே இல்லாத ஆளுக்கு அங்கிருந்து நோட்டீஸ் அனுப்பி ஒன்றும் ஆகாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இவர் அந்த ரகம்போலத்தான் தெரிகிறது.

விக்கிப்பீடியா மீது வழக்கு

வேண்டாம். கணவரிடம் காட்டுவதற்காகக் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சுரிமை அரசமைப்பின் 19-ஆவது உறுப்பில் இருக்கிறது, சரி. உங்கள் வாயை அரசு அடைக்கக் கூடாது என்பது அதன் பொருள். இன்னொருவர் தன் பக்கத்தில் உங்கள் எழுத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. நுகர்வோர் வழக்கும் நிற்காது, ஏனென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசச் சேவையைச் சேவை என்ற விளக்கத்திலிருந்தே விலக்கிவைத்திருக்கிறது. "இறந்தவரை அவமதித்துவிட்டார்கள்" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரைப் பற்றிய அவதூறும் குற்றமாகலாம், அதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு இறந்தவர் மீது ஏதாவது பழி சுமத்தியிருக்க வேண்டும், குடும்பத்தார் மனம் நோகட்டும் என்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும். "சான்று போதவில்லை" என்பது பழி ஆகாது.

கணவரின் இன்னொரு காரியம் இதைவிட ஆபத்தானது. ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது கணக்கு வந்து முதலாவதைப் புகழ்ந்தால், அங்கே அதைக் கைப்பாவைக் கணக்கு என்பார்கள், இரண்டையும் முடக்குவார்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், ஆனால் எண்ணம் திரையில் தெரியாது. அவர் அந்தக் கணக்கில் இந்த வரைவுப் பக்கம் இனி வரவே கூடாது. நீங்கள் உங்கள் பயனர் பக்கத்தில் இரண்டே வரி எழுதுங்கள்: "இந்த வரைவில் வரும் கலைஞரின் பேத்தி நான். முன்பு கருத்து எழுதிய இன்னொரு கணக்கு என் கணவருடையது." உறவினர் எழுதக் கூடாது என்று தடை இல்லை. மறைத்தால்தான் சிக்கல். இதை அங்கே நலமுரண் என்பார்கள்.

உங்கள் டிரங்குப் பெட்டியில் இருப்பவை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்களிடம் என்னென்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.

எழுபதுக்கு மேற்பட்ட நாடக நோட்டீசுகள். இதைப் படித்ததும் எனக்கே கை பரபரத்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆளாளுக்குப் படமும் பெயரும் போட்டு, ஊர், தேதி, உபயம் எல்லாம் அச்சிட்டிருக்கும் அந்தத் தாள்கள் வரலாற்றுக்குப் பொன். விக்கிப்பீடியாவுக்கு மட்டும் செம்பு. நாடகம் வைத்தவர்களே அடித்து ஒட்டியது நோட்டீஸ். தாத்தா இன்ன தேதியில் இன்ன ஊரில் மேடை ஏறினார் என்பதை அது காட்டும். வெளியார் ஒருவர் அவரைப் பொருட்படுத்தி எழுதினார் என்பதைக் காட்டாது. அதிலும் எல்லா நோட்டீசிலும் எல்லோருமே "ஈடு இணையற்ற" நடிகர்கள்தானே!

மாவட்டக் கலை மன்றம் கொடுத்த கலை முதுமணி விருதுச் சான்றிதழ். விருது உண்மை என்று இது காட்டும், ஆனால் வீட்டுச் சுவரில் இருக்கும் சான்றிதழின் படத்தை மேற்கோளாகத் தர முடியாது. விருது வழங்கியபோது நாளிதழில் வந்த செய்தியைத் தேடுங்கள்.

1988-இல் ஒரு வார இதழில் வந்த இரண்டு பக்கக் கட்டுரை. இதுதான் உங்கள் கையில் இருக்கும் சிறந்த சரக்கு, அதை நீங்கள் வரைவில் சேர்க்கவே இல்லை! "இணையத்தில் இல்லையே, அதனால் போடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். புதியவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு இது. சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்று விதியே கிடையாது. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் கிடையாது. இதழின் பெயர், நாள், பக்கம், எழுதியவர் பெயர், தலைப்பு இவ்வளவும் தமிழில் கொடுத்து, தலைப்புக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அந்த இரண்டு பக்கமும் முழுக்கத் தாத்தாவின் பேட்டியாக இருந்தால் மதிப்புக் குறையும், ஏனென்றால் அது அவரே தன்னைப் பற்றிச் சொன்னது. நிருபர் தாமாகக் கவனித்து எழுதிய பகுதி எவ்வளவு என்று பாருங்கள்.

மறைவுச் செய்தி. நிருபர் எழுதிய செய்தி என்றால் கொஞ்சம் பலம் உண்டு. குடும்பத்தார் பணம் கட்டிப் போட்ட கண்ணீர் அஞ்சலி விளம்பரம் என்றால் கணக்கில் வராது.

கல்லூரி ஆண்டு மலரில் நீங்களே எழுதிய கட்டுரையும், யூடியூபில் அப்பத்தாவின் பேச்சும் குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன. தள்ளிவையுங்கள்.

ஆக, இப்போதைக்கு ஒன்றரை. அனுபவப்பட்டவர்கள் அங்கே கேட்பது மூன்று. எண்ணிக்கைக்காக முப்பது சில்லறைச் சான்றுகளைக் குவிப்பதைவிட, நல்லதாக மூன்று கொடுத்தால் பார்ப்பவருக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் பதில் சீக்கிரம் வரும்.

மீதியை எங்கே தேடுவது? மதுரையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகத்துக்கு இன்றும் இந்த ஊர்தான் தலைநகர். அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் சூசன் சைசர் இங்கே தங்கி ஸ்பெஷல் நாடகம் என்றும் சொல்லப்படும் இந்த இசை நாடகத்தின் நடிகர்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். உங்கள் தாத்தா மேடையில் இருந்த காலத்தையும் அது தொடும். அதன் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதித் தேட வேண்டும், நாம் நினைக்கும் எழுத்துக்கூட்டலில் இருக்காது. இசை நாடகத்தைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் பல்கலைக்கழக வாரியாகக் கிடைக்கின்றன. காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்குங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல ஆண்டுகளாக இந்த மாதிரிக் கலைகளைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறது, அங்கும் ஒரு கடிதம் போடுங்கள். சனிக்கிழமை ஒன்றை ஒதுக்கிப் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாருங்கள். நாடகம், நாட்டுப்புறக் கலை அடுக்குகளில் நூல்களின் பின்பக்கப் பெயரடைவை மட்டும் புரட்டினால் போதும், ஒரு நாளில் முப்பது புத்தகம் பார்த்துவிடலாம்.

தெரிந்த நிருபரைப் பிடித்து இப்போது ஒரு கட்டுரை எழுதவைத்து, அதையே சான்றாகக் காட்டும் யோசனையையும் எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தாத்தா மீது உண்மையிலேயே ஆர்வம் இருந்து, நாலு பேரை விசாரித்து எழுதினால் நல்லதுதான். நீங்கள் எழுதிக் கொடுத்ததை அவர் பெயரில் போட்டால், வரைவு திரும்பிய மறுவாரம் அதே வரிகளோடு வந்த செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள்.

நடையும் நகலும்

உங்கள் வரைவின் முதல் வரி: "கணீர்க் குரலால் தென்மாவட்ட மக்களின் நெஞ்சங்களைக் கொள்ளைகொண்ட கலைச் சக்கரவர்த்தி." இதை இப்படி எழுதிப் பாருங்கள்: "1958 முதல் 1994 வரை மதுரை, ராமநாதபுரம் வட்டார இசை நாடகங்களில் ராஜபார்ட் வேடங்களில் நடித்தவர்." மனம் ஒப்பாது, தெரியும். நானும் பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை ஒரே நாளில் நீக்கப்பட்டது. வக்கீல் எழுதினால் எல்லாமே மனுவாகிவிடும். கண்மாயின் பெருமையில் தொடங்கி ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி முடித்திருந்தேன். அன்று இரவு நானும் யாரையாவது வழக்குக்கு இழுக்கலாமா என்றுதான் யோசித்தேன். பிறகு யாரோ முகம் தெரியாத ஒருவர், பரப்பளவு, மடை எண்ணிக்கை, பாசனம் பெறும் ஊர்கள் என்று மூன்று வரி மட்டும் சான்றோடு எழுதிக் காட்டினார். அந்த மூன்று வரி இன்றும் இருக்கிறது.

புகழ விரும்பினால், புகழ்ந்தவர் பெயரைச் சொல்லி அவர் வாயால் புகழவைக்கலாம். வார இதழ்க்காரர் குரலைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நகல் விஷயத்தில் உங்கள் மேல் தப்பு இல்லை என்று சட்டம் சொல்லும், விக்கிப்பீடியா சொல்லாது. ஆண்டு மலரில் நீங்கள் மாணவியாக எழுதிய கட்டுரையின் பதிப்புரிமை உங்களுடையது. எழுத்தில் யாருக்கும் மாற்றிக் கொடுக்காதவரை கல்லூரிக்குப் போகாது. ஆனால் கல்லூரித் தளத்தில் இருப்பதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியவர் நீங்கள்தானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மின்னஞ்சலில் உரிமை தெரிவித்து அனுமதி கொடுக்கும் வழி இருக்கிறது. உங்களுக்கு அது வீண் அலைச்சல் என்பேன், அந்த நடையையே எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். புதிதாக எழுதுங்கள். எழுதித் தரும் மென்பொருள்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் வரை போட்டுக் கொடுத்துவிடும், அதைக் கண்டுபிடித்தால் உங்கள் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

ஸ்டுடியோ படம்

புகைப்படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. மேலமாசி வீதி ஸ்டுடியோவில் தாத்தா காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உரிமை தாத்தாவுக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. வாரிசு என்றால் நீங்கள் மட்டும் இல்லை. அப்பத்தா, உங்கள் அப்பா, இரண்டு அத்தைகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் ஏற்றும்போது "என் சொந்தப் படைப்பு" என்று குறித்தீர்கள், நீங்கள் பிறக்கும் முன்பு எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரிகிறது, அதனால்தான் நீக்கினார்கள்.

சம்மதம் வாங்கும்முன் அவர்களிடம் ஒன்றை விளக்குங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் கொடுத்துவிட்டால் யாரும் அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும்கூட. நாளைக்கு ஒரு கடைக்காரர் பெயர் குறிப்பிட்டுத் தன் காலண்டரில் போட்டாலும் கேட்க முடியாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. அத்தைகள் இதற்கு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். படம் இல்லாததால் எந்த வரைவும் மறுக்கப்படுவதில்லை.

தமிழில் போடலாமா, எப்போது அனுப்பலாம்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து இருக்கிறது. அங்கேயும் சான்று கேட்பார்கள். கேட்கும் தொனி நமக்குப் பழகிய தொனி என்பது ஒரு வசதி, வார இதழ்க் கட்டுரையை யாரும் மொழிபெயர்த்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள் என்பது இன்னொரு வசதி. முதலில் அங்கே போய், மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். நேரடியாகத் தாத்தாவிடம் போகாமல், இருக்கிற கட்டுரைகளில் கை வையுங்கள்: உங்கள் ஊர்க் கட்டுரையில் ஒரு பிழை, இசை நாடகம் பற்றிய கட்டுரையில் சான்று இல்லாமல் நிற்கும் ஒரு வரி. நூலகத்தில் பெயரடைவு புரட்டும்போது கிடைக்கும் மற்ற நடிகர்களைப் பற்றிய தகவலையும் அங்கே சேர்க்கலாம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் எது நிற்கும், எது விழும் என்று கைக்கே தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒத்தாசைப் பக்கத்திலோ ஆலமரத்தடியிலோ கேளுங்கள். ஆங்கிலத்தில் புதியவர்கள் கேள்வி கேட்கும் இடத்துக்கு டீஹவுஸ் என்று பெயர். அங்கே டீக்கடை, இங்கே ஆலமரம். இரண்டிலும் கோபமில்லாமல் கேட்டால் யாராவது வந்து பதில் சொல்வார்கள்.

ஆங்கில வரைவுக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு வந்த மூன்றுமே "திருத்திக்கொண்டு வாருங்கள்" என்ற வகை. இனி வராதீர்கள் என்று மூடும் வகை வேறு, அது உங்களுக்கு வரவில்லை. ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்குவார்கள். அப்படி நீங்கினாலும் கேட்டால் மீட்டுத் தருவார்கள், நகலென்று அழித்த பகுதியைத் தவிர. கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் (திருத்தமும்) ஆகிவிட்டதால் இனி ஒப்புதல் இல்லாமலே நேரடியாகப் பக்கம் தொடங்க உங்களால் முடியும், உங்கள் தம்பி சொன்னது சரிதான். செய்யாதீர்கள். உறவினர் எழுதிய பக்கத்தை உடனே வரைவுக்குத் தள்ளுவார்கள், இல்லையென்றால் நீக்கல் விவாதத்தில் வைப்பார்கள். தாத்தாவின் பெயரை முன்னால் வைத்துப் பத்துப் பேர் "இவர் முக்கியமானவர் இல்லை" என்று எழுதுவதை நீங்கள் படிக்க வேண்டியிருக்கும்.

தேடியும் மூன்று சான்று தேறவில்லை என்றால்? அதற்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது தாத்தாவுக்குத் தனிக் கட்டுரை இப்போதைக்கு இல்லை. வார இதழ்க் கட்டுரை ஒன்றை வைத்து இசை நாடகக் கட்டுரையிலோ ஊர்க் கட்டுரையிலோ அவர் பெயர் ஒரு வரியில் நிற்கலாம். என்றைக்காவது ஒரு ஆய்வு மாணவர் உங்கள் வீட்டுக்கு வந்து அந்த நோட்டீசுகளை வைத்து எழுதினால் அடுத்த சான்று அங்கிருந்து வரும்.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். அப்பத்தாவுக்கு 84 வயது என்று எழுதியிருந்தீர்கள். நோட்டீசுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்: படத்தில் இருக்கும் ஸ்திரீபார்ட் யார், எந்த ஊர்க்காரர், ஆர்மோனியம் வாசித்தவர் பெயர் என்ன, அன்று என்ன நாடகம். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, நோட்டீசின் பின்புறம் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். லேமினேட் செய்துவிடாதீர்கள்.